“அம்மா, கர்ச்சீப்பை நீயே கட்டு”

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’, அதாவது நடுமூளையைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் முகாம் நடந்தது. இரண்டு நாள், 18,000 ரூபாய். என் நாத்தனார் மகன் அதற்கு முன்பே போய் வந்தவன். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தித்தாள் படிப்பான், ரூபாய் நோட்டின் நம்பரைச் சொல்வான். அதைப் பார்த்துத்தான் என் கணவர் மகளையும் சேர்த்தார். இப்போது அவளும் கலர் அட்டையைத் தடவியும் முகர்ந்தும் நிறம் சொல்கிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் செய்து காட்டச் சொல்கிறார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. ஆனாலும் இதில் மனசு ஒட்டவில்லை. ஒருநாள் அவள் என் காதருகே வந்து, “அம்மா, கர்ச்சீப்பை நீயே கட்டு, அத்தை ரொம்ப டைட்டா கட்டுறாங்க” என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. விருந்தாளி வருகிறார்கள் என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். அடுத்த லெவலுக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். “விஞ்ஞானத்துக்கு எட்டாதது எவ்வளவோ இருக்கு. நீ சந்தேகப்பட்டா அவளுக்கு சக்தி போயிடும்” என்கிறார் கணவர். தை மாதம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லார் முன்னாலும் இரண்டு பிள்ளைகளையும் செய்து காட்ட வைக்கப் போகிறார்கள். இது உண்மைதானா டாக்டர்? இல்லையென்றால் என் மகள் பொய் சொல்கிறாளா? நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் நாலைந்து தடவை திரும்பிப் படித்தது அந்தக் கர்ச்சீப் வரியைத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? இறுக்கிக் கட்டினால் அவளுக்குத் தெரியவில்லை. அத்தை இறுக்குகிறார். அம்மா இறுக்க மாட்டாள். உங்கள் முதல் கேள்விக்கான பதிலை மகளே சொல்லிவிட்டாள். கூடவே உங்களிடம் உதவியும் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு உங்களுக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு வெளிச்சமே போகாத நிலையில், காகிதத்தில் அச்சடித்த எழுத்தை ஒரு மனிதர் படித்தார் என்பது ஒழுங்காக நடந்த எந்தச் சோதனையிலும் இதுவரை நிரூபணமாகவில்லை. உங்கள் மகள் கண்ணால்தான் படிக்கிறாள். மூக்கின் ஓரத்தில் இருக்கும் சந்து வழியாகப் படிக்கிறாள். குழந்தைகள் மனநல மருத்துவராக நான் இருக்கும் இத்தனை வருடத்தில் இப்படிக் கண்ணைக் கட்டிப் படிக்கும் பிள்ளைகளைப் பெருமையாக அழைத்து வந்த பெற்றோரும் உண்டு, உங்களைப் போல வயிற்றில் நெருப்போடு வந்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட வேறு வழியில் படிக்கவில்லை.

என் சொல்லை நம்ப வேண்டாம். இன்றைக்கு மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் அதே கர்ச்சீப்பை எடுத்து நாலாக மடித்து உங்கள் கண்ணிலேயே கட்டிப் பாருங்கள். முதலில் இருட்டாகத்தான் இருக்கும். அரை நிமிஷம் பொறுங்கள். மூக்கின் எலும்பு மேடாக இருக்கிறது, கன்னம் பள்ளமாக இறங்குகிறது. துணி அந்த மேட்டின் மேல் ஏறிப் போவதால் இரண்டு பக்கமும் சின்ன முக்கோணமாக ஒரு சந்து விழும். கண்ணைக் கீழே தாழ்த்தினால் அந்தச் சந்து வழியாக உங்கள் மடி தெரியும், புடவைக் கரை தெரியும். ஒரு பத்திரிகையை நெஞ்சுக்கு நேரே பிடித்துத் தாடையை லேசாகத் தூக்கினால் தலைப்பு முழுவதும் படிக்கலாம். முகாம்களில் தருகிற பஞ்சு வைத்த கண்பட்டையிலும் கதை இதேதான். அட்டையை முகர்ந்து பார்க்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும். முகர வேண்டுமென்றால் அட்டை மூக்குக்குக் கீழே வந்தாக வேண்டும். சந்தும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மகள் படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அட்டையை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு தடவையாவது படித்திருக்கிறாளா? தலைக்குப் பின்னால் வைத்து? விரலுக்கோ மூளைக்கோ உண்மையிலேயே பார்வை வந்திருந்தால் மேலே என்ன, கீழே என்ன?

இந்தச் சந்து புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1960களில் சோவியத் யூனியனில் ரோசா குலேஷோவா என்ற இளம்பெண் விரல் நுனியால் நிறம் பார்க்கிறார், அச்செழுத்துப் படிக்கிறார் என்று உலகமே பேசியது. அறிவியலாளர்கள் சிலரே நம்பினார்கள். அப்போது அமெரிக்காவைச் சேர்ந்த மார்ட்டின் கார்ட்னர், 1966ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணிதப் புதிர்களுக்காகப் பேர் பெற்றவர், மேஜிக்கும் நன்றாகத் தெரிந்தவர். எப்படிப்பட்ட கண்கட்டாக இருந்தாலும் மூக்கோரம் வழியாகப் பார்க்க முடியும், இது மேஜிக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த தொழில் ரகசியம் என்று விளக்கினார். துணி, பஞ்சு, பிளாஸ்திரி எதுவும் போதாது, தலையை முழுசாக மூடித் தோள்மேல் உட்காரும் அலுமினியப் பெட்டி வேண்டும் என்று யோசனையும் சொன்னார். நம் ஊர்த் திருவிழாவிலும் மேஜிக் ஷோவிலும் கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அதை வித்தை என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறார்கள். இவர்கள் உங்கள் பிள்ளையின் மூளை திறந்துவிட்டது என்று சொல்லி விற்கிறார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான்.

மூளை என்றதும் பயந்துவிடாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நடுமூளை என்பது உண்மையிலேயே இருக்கிற பகுதிதான். மூளைத்தண்டின் மேல்முனையில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும். கண்ணை அசைக்கும் நரம்புகள் சில அங்கிருந்து புறப்படுகின்றன. காதில் விழும் சத்தம் அது வழியாகத்தான் மேலே போகிறது. பார்க்கின்சன் நோயில் அழிகிற செல்கள் இருப்பதும் அங்கேதான். கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சட்டென்று சுருங்குகிறதே, அந்தச் சுற்று நடுமூளை வழியாகத்தான் ஓடுகிறது. விபத்தில் அடிபட்டு வந்தவர் கண்ணில் டாக்டர் முதலில் டார்ச் அடிப்பது இதற்கும் சேர்த்துத்தான். உங்கள் மகள் பிறந்த அன்றே அவளுடைய நடுமூளை வேலை செய்துகொண்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டு எழுப்புவதற்கு அது தூங்கிக் கிடக்கவில்லை. தூங்கிக் கிடந்திருந்தால் பிள்ளை கண்விழித்து நடமாடியே இருக்க மாட்டாள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். மகள் பொய் சொல்கிறாளா?

முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகள் என்னிடம் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். கூட்டமாக உட்கார வைக்கிறார்கள், சத்தமாகப் பாட்டு, கண்ணை மூடச் சொல்கிறார்கள், ‘நம்பினவர்களுக்கு மட்டும் தெரியும்’ என்கிறார்கள். பிறகு கண்ணைக் கட்டிக் கையில் ஒரு அட்டை. பக்கத்தில் இருக்கும் பையன் “நீலம்!” என்று கத்துகிறான், எல்லாரும் கை தட்டுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு இருட்டு. அழுகை வருகிறது. அப்பா பணம் கட்டியிருக்கிறார், வாசலில் காத்திருக்கிறார். தலையை இப்படி அப்படித் திருப்பும்போது கீழே ஒரு கீற்று வெளிச்சமும் அட்டையின் ஓரமும் தெரிகின்றன. “பச்சை” என்கிறாள். கை தட்டல். “வந்துடுச்சு பாத்தியா!” என்கிறார் மாஸ்டர். அவள் என்ன நினைப்பாள்? ‘இதைத்தான் சக்தி என்கிறார்கள் போலிருக்கிறது’ என்றுதான் சில பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். ஒரு சிறுமி என்னிடம் அப்படியே சொன்னாள்: “மூக்குக்கிட்ட தெரியுறதுதான் மிட்பிரெயின்னு நெனச்சேன் டாக்டர்.”

இது பொய்யில் சேராது, சகோதரி. பெரியவர்கள் ஒரு பேர் வைத்துக் கொடுத்தார்கள், பிள்ளை அதை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாள் கழித்து உண்மை அவளுக்கே விளங்கும்போது பின்வாங்க வழி இருக்காது. ஒத்துக்கொண்டால் அப்பா முகம் வாடும், 18,000 ரூபாய் வீணாகும், அத்தை மகனையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இவ்வளவையும் ஒன்பது வயதில் தனியாகச் சுமக்கிறாள். விருந்தாளி வரும்போது வலிக்கிற வயிறு அந்தச் சுமையாக இருக்கலாம். இருந்தாலும் ஒரு குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எடை குறைந்தாலோ, காய்ச்சலோ வாந்தியோ இருந்தாலோ, வலி ராத்திரி தூக்கத்தில் எழுப்பினாலோ தள்ளிப் போடவே கூடாது. மனசால் வருகிற வலியும் நிஜமான வலிதான். நடிப்பு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

உங்கள் கணவரும் நாத்தனாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் எண்ண வேண்டாம். மனசார நம்புகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் எப்படி விடையைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்பதற்கு ஒரு குதிரையின் கதை இருக்கிறது. ஜெர்மனியின் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. கூட்டல் கேட்டால் விடைக்குத் தக்கபடி காலால் தரையைத் தட்டும். அவர் காசுகூட வாங்கவில்லை. 1904இல் ஒரு குழுவே வந்து பார்த்து இதில் தந்திரம் ஏதுமில்லை என்றது. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்கிறவர் முகம் குதிரைக்குத் தெரியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னையறியாமல் மயிரிழை அளவு அசைகிறது. குதிரை அந்த அசைவைப் பார்த்துக் காலை நிறுத்துகிறது. அந்த ஆசிரியர் யாரையும் ஏமாற்றவில்லை. அவரும் ஏமாந்திருந்தார், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கூடத்திலும் பிள்ளை “சி... சிவ...” என்று இழுக்கும்போது பாட்டி மூச்சை இழுத்துப் பிடிப்பதும் அத்தை முகம் மலர்வதும் நடக்கும். பிள்ளைகளுக்கு இந்த ஜாடையெல்லாம் நன்றாகப் பிடிபடும்.

கணவர் சொல்வதையும் நான் தள்ளிவிடப் போவதில்லை. விஞ்ஞானத்துக்கு இன்னும் எட்டாதது நிறைய இருக்கிறது. கண் இல்லாமல் பார்க்கும் உயிர் ஒன்றை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. அது வௌவால். 1790களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார், பார்வை இழந்த வௌவால்களும் இருட்டறையில் கட்டிய நூலில் மோதாமல் பறப்பதைக் கண்டார். வெளியே விட்டுப் பிடித்துப் பார்த்தபோது மற்ற வௌவால்களைப் போலவே வயிறு நிறையப் பூச்சி தின்றிருந்தன. காதை அடைத்தபோதுதான் அவை தடுமாறி மோதின. அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானிகளே இதை ஏற்கவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் விஷயம் கிடப்பில் கிடந்தது. 1938இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர் டொனால்ட் கிரிஃபின், மனிதக் காதுக்குக் கேட்காத சத்தத்தைப் பிடிக்கும் கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோனார். அவை ஓயாமல் கத்திக்கொண்டே பறப்பது தெரிந்தது. எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கின்றன. இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. பார்வையற்ற மனிதர்கள் சிலர்கூட நாக்கால் ‘டக்’ என்று சத்தம் எழுப்பி, எதிரொலியை வைத்துச் சுவரையும் கம்பத்தையும் அடையாளம் காண்கிறார்கள். அதையும் சோதித்து உண்மை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அதிசயம் என்பதற்காக யாரும் வௌவாலை ஒதுக்கிவிடவில்லை. கடைசியில் ஒதுக்க முடியாத அளவுக்குச் சான்று வந்தது. கண்ணை மறைத்தார்கள், காதை அடைத்தார்கள், திரும்பத் திரும்பச் செய்தார்கள். சந்தேகப்பட்டதால் எந்த வௌவாலும் வழி தவறவில்லை. ‘சந்தேகப்பட்டால் சக்தி போய்விடும்’ என்று சொல்லிக் கொடுத்தவர்கள் முகாம் நடத்துகிறவர்கள்தான். பிள்ளைக்கு முடியாதபோது பழியை உங்கள் மேல் போடுவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வீட்டில் ஒரு தாயை வாய் திறக்க விடாமல் செய்கிற பேச்சு அது. சர்க்கரை டெஸ்ட் எடுக்கும்போது நீங்கள் சந்தேகத்தோடு பார்த்தால் ரிசல்ட் மாறுமா?

சான்று காட்டுங்கள் என்று பணம் வைத்தே கூப்பிட்டவர்கள் உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்ச ரூபாய் அறிவித்தார். அவர் பட்டியலில் இருந்த ஒன்று, முத்திரையிட்ட உறைக்குள் வைத்த ரூபாய் நோட்டின் நம்பரைப் படிப்பது. உங்கள் நாத்தனார் மகன் செய்வதாகச் சொல்கிற அதே வேலை! 1978இல் கோவூர் காலமாகும் வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. அவருக்குப் பிறகு அந்தச் சவாலைத் தொடர்ந்தவர் பி. பிரேமானந்த். உங்கள் பக்கத்து மாவட்டமான கோயம்புத்தூரில், போத்தனூரில் வாழ்ந்தவர். 2009இல் காலமானார். அவரிடமும் யாரும் ஜெயிக்கவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணரின் அறக்கட்டளை 1996 முதல் 2015 வரை பத்து லட்சம் டாலர் வைத்திருந்தது. விண்ணப்பித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். முதற்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. மிட்பிரெயின் விளம்பரத்துக்கே எதிராக மங்களூருவைச் சேர்ந்த நரேந்திர நாயக் ஊர் ஊராகப் போய்ச் சவால் விட்டுவருகிறார். இரண்டே நாளில் எந்தப் பிள்ளைக்கும் சக்தி வரவழைப்போம் என்கிறவர்கள் இந்தப் பணத்தை எப்போதோ வாங்கியிருக்க வேண்டும்.

எனக்கு இன்னொன்று தோன்றும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். கண்ணில்லாமல் படிக்க வைக்க ஒரு வழி நிஜமாகவே இருக்குமானால் அது முதலில் எங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்? பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளிக்கு அல்லவா? ஆறு புள்ளி பிரெயில் எழுத்தை விரலால் தடவித் தடவிப் படிக்கக் கற்றுக்கொள்ள அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பாடுபடுகிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட இரண்டு நாள் முகாமில் செய்தித்தாள் படிக்க வைத்துக் காட்டவில்லை. நல்ல பார்வை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தச் சக்தி ‘வருகிறது’. கணவரிடம் வேறு எதையும் சொல்ல முடியாமல் போனாலும் இதை மட்டும் கேளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

முதலில் மகள். கூட்டத்திலும் வேண்டாம், கணவர் முன்னாலும் வேண்டாம். ராத்திரி தலை பின்னிவிடும்போது, பக்கத்தில் படுத்திருக்கும்போது பேசுங்கள். “உண்மையைச் சொல்லு” என்று ஆரம்பிக்காதீர்கள், அது போலீஸ் விசாரணை ஆகிவிடும். “இன்னிக்கு நான் கர்ச்சீப் கட்டிப் பார்த்தேன். எனக்கும் மூக்குக்கிட்ட தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் அழலாம், சிரிக்கலாம், பேச்சை மாற்றலாம். எதுவானாலும், “உன் மேல தப்பே இல்ல. பெரியவங்க நாங்கதான் சரியா விசாரிக்காம சேர்த்துட்டோம். இனி நீ செஞ்சு காட்ட வேண்டாம், அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அப்பாவிடம் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழக் கூடாது.

அடுத்து கணவர். மகளை உட்கார வைத்து அவர் முன்னால் சோதிக்கவே வேண்டாம். பிள்ளையைத் தோற்கடித்து நீங்கள் ஜெயிப்பது போலாகிவிடும், அவளும் அதை மறக்க மாட்டாள். கர்ச்சீப்பை அவர் கண்ணில் கட்டுங்கள். அட்டையை மடியில் வையுங்கள். தாடையைத் தூக்கி மூக்கோரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கன்சல்டிங் அறையில் நிறைய அப்பாக்களுக்கு இதைச் செய்திருக்கிறேன். பத்து நிமிஷ விளக்கத்தில் அசையாதவர்கள் பத்து செகண்டில் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்தில் “நான் அப்பவே சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் செய்தது மகள் மேல் இருந்த ஆசையால்தான்.

அப்புறமும் அவருக்கு மனசு கேட்கவில்லையென்றால், சோதனையை முகாம்காரர்களிடம் கேளுங்கள். பிள்ளை வேண்டாம், பயிற்சி கொடுக்கும் மாஸ்டரே செய்யட்டும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை என ஐந்து நிறத்தில் நாலு நாலாக இருபது அட்டை. ஒவ்வொன்றையும் வெளிச்சம் புகாத தடித்த உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டுகிறவர் வேறு அறையில் உட்கார்ந்து உறைகளைக் கலைத்துவிட்டு அங்கேயே இருந்துவிட வேண்டும். உறையை நீட்டுகிறவருக்கும் உள்ளே என்ன நிறம் என்று தெரியக் கூடாது, அந்தக் குதிரைக் கதை இங்கேயும் நடந்துவிடும். கண்ணைக் கட்டத் தேவையே இல்லை, திறந்த கண்ணோடு சொல்லட்டும். இருபதையும் சொல்லி முடித்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சுமார் நாலு சரியாக வரும், அதனால் நாலும் ஐந்தும் சாதனை ஆகாது. பத்தோ அதற்கு மேலோ சரியாக வருவது ஆயிரம் தடவை செய்தால் சுமார் இரண்டு மூன்று தடவைதான் நடக்கும். ஆகவே எத்தனை சரியாக வந்தால் ஒப்புக்கொள்வது என்பதை முன்கூட்டியே பேசி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். முடிந்த பிறகு ‘இன்னிக்கு நாள் சரியில்லை’ என்ற பேச்சு வரக் கூடாது. என் அனுபவத்தில் இந்த நிபந்தனையைக் கேட்டதும் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

35,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். கட்டிய 18,000 ரூபாய்க்கு ரசீதும் விளம்பர நோட்டீஸும் இருந்தால் எடுத்து வையுங்கள், வாட்ஸாப்பில் அவர்கள் தந்த வாக்குறுதிகளையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். தராவிட்டால் தவறான விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்டால் எப்படி என்று சொல்வார்கள்.

மகளைச் சேர்த்தது படிப்புக்காகத்தான் இருக்கும். ஞாபகசக்தி கூடும், மார்க் வரும் என்றுதான் எல்லா நோட்டீஸிலும் போடுகிறார்கள். அவளுக்குப் படிப்பில் எது கஷ்டம் என்று நீங்கள் எழுதவில்லை. போர்டு தெரிகிறதா என்று ஒரு கண் பரிசோதனை செய்துவிடுங்கள். மூக்கோரப் பார்வைக்குப் பணம் கட்டிய வீட்டில், பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்பட்டதை ஒன்றரை வருடம் யாரும் கவனிக்காத ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். எழுத்து மாறி மாறி வருகிறது, வயதுக்குத் தக்க வேகத்தில் வாசிக்க வரவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கலாம், அதற்கு முறையான பயிற்சி இருக்கிறது. இந்த வயதில் ராத்திரி ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு உங்களிடம் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். ஞாபகத்துக்கு இந்த முறை உதவுகிறது என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது, செலவும் இல்லை.

இனி கிரகப்பிரவேசம். முந்தின வாரமே கணவரை விட்டு நாத்தனாரிடம் பேசச் சொல்லுங்கள். தம்பி சொன்னால் அக்கா கேட்பார், நீங்கள் சொன்னால் நாத்தனார் சண்டையாகிவிடும். “பாப்பாவுக்கு வயிறு வலி அடிக்கடி வருது, டாக்டர் கொஞ்ச நாள் இதெல்லாம் வேண்டாம்னுட்டார்” என்று சொன்னால் போதும். டாக்டர் நான்தான், என் பேரில் தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்வதும் அதுதான். அன்றைக்கு யாராவது கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வந்தால் மகள் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

உங்கள் நாத்தனார் மகனையும் நான் நினைத்துக்கொள்கிறேன். அவன் உங்கள் மகளுக்கு முன்னாலேயே இதில் மாட்டியவன். நோட்டு நம்பர்வரை போய்விட்டான், ஊரே அவனைத் தெரிந்து வைத்திருக்கிறது, திரும்பி வருவது அவனுக்கு இன்னும் கஷ்டம். இறுக்கிக் கட்டுகிறவர் அவனுடைய அம்மா. ‘நீயே கட்டு’ என்று காதோரம் சொல்ல அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கணவர் அக்காவிடம் பேசும்போது அவன் பேரையும் சேர்த்துப் பேசட்டும். கிரகப்பிரவேசத்தன்று அவனையும் கூப்பிட்டு உங்கள் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூலைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள். அவனாக ஏதாவது சொன்னால், மகளிடம் சொன்னதையே அவனிடமும் சொல்லுங்கள்.

மகளுக்கு வயிற்றுவலி இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.